கொல்லை மண்ணும் குழந்தையின் கையும்

வட சென்னையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் தெருவும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு வயது 29. இரண்டே கால் வயதில் ஒரு மகன். இப்போது மறுபடியும் நான்கு மாதம். மூன்று வருடங்களாக ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். பின்னால் ஏழெட்டுப் பாத்தி போடும் அளவுக்குக் கொல்லை. கடைக்கீரையில் மருந்து அடிக்கிறார்கள் என்ற பயத்தில் அரைக்கீரை, சிறுகீரை, பசலை, கொத்தமல்லி எல்லாவற்றையும் தானே விதைத்து வளர்த்தார். சாணமும் சமையலறைக் கழிவின் மக்கும் தவிர வேறு எதையும் மண்ணில் சேர்க்கவில்லை. மாடி வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கட்டுக் கட்டாகக் கொடுத்திருக்கிறார். சென்ற மாதம் பாத்தியை ஆழமாகக் கொத்தியபோது கறுப்பு பிளாஸ்டிக் சில்லுகளும், சாம்பல் நிறத்தில் கனமான தகட்டுத் துண்டுகளும் மேலே வந்தன. தெருக்கோடி வீட்டுப் பெரியவர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்புவரை அந்தக் கொல்லையில் தகரக் கொட்டகை போட்டு, பழைய கார், லாரி பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிக்கொண்டிருந்தார்களாம்.

அன்றிலிருந்து வீட்டில் கீரையே சமைப்பதில்லை. வீட்டு உரிமையாளரோ, "இத்தனை வருட மழை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போயிருக்கும்" என்கிறார். கணவர் மேல்மண்ணைச் சுரண்டித் தெருமுனைக் காலி மனையில் கொட்டிவிடலாம் என்கிறார். இணையத்தில் "உடலிலுள்ள நச்சு உலோகத்தை வெளியேற்றும்" பொடி ஒன்றையும் வாங்கி வைத்திருக்கிறார். மாமியார், "என் அம்மா எண்பத்தாறு வயது வரை ஈயச் சொம்பில்தான் ரசம் வைத்தாள், என்ன ஆனது?" என்று கேட்கிறார். கீரையை மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்தால் போதுமா, சாப்பிட்டதெல்லாம் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்குமா, வீட்டைக் காலி செய்ய வேண்டுமா, அக்கம்பக்கத்தில் எப்படிச் சொல்வது என்று பல கேள்விகள். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், ஒரு வரி: "பையன் அவ்வப்போது மண் தின்பான். அது எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதானே."

அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் கீரையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். குழந்தை மருத்துவராக என்னை உட்காரவிடாமல் செய்தது அந்தக் கடைசி வரிதான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கீரையைவிடப் பெரிய வழி

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கீரையில் ஒரு கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் ஈயத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத்தர அமைப்பின் வரம்பு. அந்த வரம்பைத் தொட்ட கீரையில் 50 கிராம் உங்கள் மகன் சாப்பிட்டால், வயிற்றுக்குள் போகும் ஈயம் 15 மைக்ரோகிராம் (ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம்). இப்போது மண்ணைப் பாருங்கள். பேட்டரி உடைத்த இடத்தில் ஒரு கிலோ மண்ணில் 1,000 மில்லிகிராம் ஈயம் இருப்பது அதிசயமே இல்லை. பல மடங்கு கூடவும் இருக்கும். அந்த மண்ணில் 0.1 கிராம், அதாவது நாலைந்து அரிசிமணி எடை, விரலோடும் நகக்கண்ணோடும் வாய்க்குள் போனால் 100 மைக்ரோகிராம். தவழும், தத்தித் திரியும் வயதில் ஒரு நாளைக்கு அவ்வளவு மண் உள்ளே போவது சாதாரணம். மண்ணை அள்ளித் தின்னும் பிள்ளையென்றால் கணக்கே வேறு.

போதாததற்கு, ஒரே அளவு ஈயம் உள்ளே போனாலும் பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் குடல் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். வளரும் மூளைக்கு ஈயத்தின் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் உறுதியான நிலைப்பாடு.

எல்லாப் பிள்ளைகளும் மண் தின்பதில்லை. வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புவது வேறு, தேடிப் போய்த் தின்பது வேறு. தேடித் தின்னும் பிள்ளைகள் பலருக்கு இரும்புச்சத்துக் குறைவு இருக்கும். இரும்பு குறைந்த குடல் ஈயத்தை இன்னும் ஆவலாக உள்ளே இழுக்கும். ஒன்று மற்றொன்றை வளர்க்கும் இந்தச் சுழலைத்தான் முதலில் அறுக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் மண், சாம்பல், திருநீறு தின்னும் ஆசை சிலருக்கு வரும். உங்களுக்கும் இருந்தால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பயிற்சிக் காலத்தில் நான் பார்த்த ஒரு பையனை இன்றுவரை மறக்க முடியவில்லை. மூன்று வயது. வயிற்றுவலி, மலச்சிக்கல், சோகை. மூன்று இடங்களில் பூச்சி மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார்கள். நாங்களும் அதைத்தான் கொடுக்க இருந்தோம். ஆய்வகத்தில் இருந்த மூத்த பெண்மணி அவன் இரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் வைத்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வெளிறிய சிவப்பணுக்களுக்குள் பொடிப் பொடியாக நீலப் புள்ளிகள். "அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேளுங்கள்" என்றார். அப்பா பேட்டரித் தகடு பிரிக்கும் கூலி வேலை. மாலையில் அதே லுங்கியோடு வந்து பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். மூன்று இடத்திலும், நான்காவதாக எங்களிடமும், அந்த ஒரு கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உங்கள் மகன் ஓடியாடி விளையாடுகிறான், நன்றாகப் பேசுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல செய்திதான். ஆனாலும் குறைந்த அளவு ஈயம் வெளியில் எந்த அறிகுறியும் காட்டாது. கவனக்குறைவு, எரிச்சல், படிப்பில் தடுமாற்றம் என்று பல வருடங்கள் கழித்துத்தான் தலைகாட்டும். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் சென்னையைச் சேர்ந்த 3 முதல் 7 வயதுள்ள 756 குழந்தைகளின் இரத்தத்தைப் பரிசோதித்தார்கள். சராசரி ஈய அளவு ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லிலிட்டர், இரத்தத்துக்கு 11 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். அளவு கூடக் கூடக் குழந்தைகளின் நடத்தைச் சிக்கல்களும் கூடியிருந்தன. அவர்கள் நோயாளிகள் அல்லர், பள்ளிக்குப் போய் வந்துகொண்டிருந்த பிள்ளைகள். ஆகவே பார்வையை நம்பாமல் பரிசோதனையை நம்புங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

மகனுக்கும் உங்களுக்கும் இரத்த ஈய அளவு பார்க்க வேண்டும். கணவருக்கும் பார்த்துவிடுவது நல்லது. கையின் நரம்பிலிருந்து எடுத்த இரத்தமாக இருக்கட்டும். விரல் நுனியைக் குத்தி எடுத்தால், தோலில் ஒட்டியிருக்கும் மண்ணே முடிவைக் கெடுத்துவிடும். முடியை அனுப்பிச் செய்யும் பரிசோதனைக்குக் காசைக் கொட்டாதீர்கள், அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. கூடவே ஹீமோகுளோபின், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், இரத்தப் பூச்சு மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். மண் தின்னும் பிள்ளை என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தேவைப்பட்டால் வயிற்றை ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார். ஈயத் துணுக்கு குடலில் இருந்தால் அதில் வெள்ளையாகத் தெரியும்.

முடிவு வந்ததும் எண்ணைப் பார்த்து நீங்களே பதற வேண்டாம். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதை நிறுத்த வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி. அமெரிக்காவில் அதே ஆண்டு முதல் 3.5 என்ற எண்ணையே எச்சரிக்கைக் கோடாக வைத்திருக்கிறார்கள். உலோகத்தைப் பிணைத்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்தைக் குழந்தைக்குத் தருவது 45-ஐத் தொட்ட பிறகுதான், அதுவும் மருத்துவமனைக் கண்காணிப்பில். இடைப்பட்ட அளவுகளுக்கு மருந்து என்பது மூலத்தை அகற்றுவது, இரும்பு, கால்சியம் கொடுப்பது, ஓரிரு மாதம் கழித்து மறுபடி இரத்தம் பார்ப்பது. மூலத்தை நிறுத்தினால் இரத்தத்திலுள்ள ஈயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். எலும்பில் போய்த் தங்கியது அவ்வளவு சீக்கிரம் போகாது.

அந்த இணையப் பொடியைத் தயவுசெய்து குப்பையில் போடுங்கள். ஈயத்தைப் பிணைக்கும் உண்மையான மருந்தையே 20 முதல் 44 வரை அளவிருந்த 780 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்த அளவு குறைந்தது. அறிவுத்திறனில் எந்த முன்னேற்றமும் இல்லை என்று 2001-இல் முடிவு வெளியானது. பட்ட பாதிப்பை மருந்தால் திரும்பப் பெறுவது கடினம். அதனால்தான் வருமுன் தடுப்பதைப் பற்றி இத்தனை அழுத்திச் சொல்கிறேன். உலோகம் சேர்த்துச் செய்யும் பற்பம், செந்தூரம் எதையும், யார் நல்லெண்ணத்தோடு கொடுத்தாலும், இந்த நேரத்தில் குழந்தைக்கோ உங்களுக்கோ வேண்டாம்.

வீட்டுக்குள் இன்றே சில பழக்கங்களை மாற்றிவிடலாம். கொல்லைக் கதவைப் பூட்டுங்கள். கொல்லைக்குப் போன செருப்பு வாசலோடு நிற்கட்டும். விளக்குமாற்றால் பெருக்கினால் தூசி எழும்பிக் குழந்தையின் மூக்கு உயரத்தில்தான் மிதக்கும், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். சாப்பிடும் முன்பும் தூங்கும் முன்பும் குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நகத்தை ஒட்ட வெட்டுங்கள். விளையாட்டுப் பொருட்களையும் கழுவுங்கள். வெறும் வயிற்றில் ஈயம் அதிகமாக ஏறும். கேழ்வரகுக் கூழ், முட்டை, பருப்பு, தயிர், நெத்திலிக் கருவாடு, கொய்யா, நெல்லிக்காய் என்று கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள்.

நீங்கள் கேட்டவற்றில் திருத்த வேண்டியவை

மழை அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று உரிமையாளர் சொல்வது தவறு. ஈயம் உப்பைப் போலக் கரைந்து ஓடாது. மண்ணின் களியோடும் மக்கோடும் ஒட்டிக்கொண்டு மேலே சில அங்குலத்திலேயே தங்கிவிடும். மட்காது, ஆவியாகாது. இந்தியா முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நின்றது. கால் நூற்றாண்டு கழிந்த பிறகும் பழைய சாலையோர மண்ணில் அந்த ஈயம் இருக்கிறது. உங்கள் கொல்லையில் இன்னொரு தொல்லையும் உண்டு. பேட்டரியிலிருந்து கொட்டிய கந்தக அமிலம் மண்ணைப் புளிக்கச் செய்திருக்கும். புளித்த மண்ணில் உலோகங்கள் வேருக்கு எளிதாகக் கிடைக்கும்.

இயற்கை உரம் மட்டும்தான் போட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் பூச்சிமருந்து இல்லாததும் உலோகம் இல்லாததும் இரண்டு தனி விஷயங்கள். "மண்வள அட்டையில் எல்லாம் சரியாக இருக்கிறது" என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அந்த அட்டை பார்ப்பது 12 விஷயங்களை: தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமம். பயிருக்கு என்ன குறைவு என்று சொல்வதுதான் அதன் வேலை. ஈயமும், காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகமும் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

மஞ்சள் தண்ணீர், உப்புத் தண்ணீர் இரண்டும் சாதாரணத் தண்ணீரைவிட இந்த விஷயத்தில் பெரிதாக எதுவும் செய்துவிடாது. கழுவுவதால் இலைமேல் ஒட்டிய மண்ணும் தூசியும் போகும், அது கணிசமானது. காரணம், ஈயம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும். கீரையில் நாம் காண்பதில் பெரும்பங்கு மேலே தெறித்துப் படிந்த மண்தான். காட்மியத்தின் சுபாவம் வேறு. அது வேர்வழியே இலைக்குள் ஏறிவிடும், எத்தனை முறை அலசினாலும் போகாது. கொதிக்க வைத்தாலும் உலோகம் அழியாது. சொல்லப்போனால் உதிரியாக விற்கும் மஞ்சள் தூளிலேயே, பளிச்சென்று தெரிவதற்காக ஈயக் குரோமேட் நிறமியைக் கலக்கும் மோசடி நம் நாட்டிலும் பங்களாதேஷிலும் பிடிபட்டிருக்கிறது. மஞ்சளைக் கிழங்காக வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமியாரின் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. அவர் அம்மா ரசம் வைத்தது வெள்ளீயத்தில். தமிழில் இரண்டையும் "ஈயம்" என்று சொல்லிவிடுகிறோம், அவை வேறு வேறு உலோகங்கள். பாத்திரத்துக்குப் பூசுவதும் சொம்பு வார்ப்பதும் வெள்ளீயம். பேட்டரியில் இருப்பது காரீயம், நஞ்சு அதுதான். பாட்டியின் சொம்பு சுத்தமான வெள்ளீயமாக இருந்திருக்கும். இன்று கடையில் மலிவாக விற்கும் சொம்பில் காரீயம் கலந்திருக்க வாய்ப்புண்டு, புளி ரசம் அதை நன்றாகவே கரைத்தெடுக்கும். நம்பகமான இடத்தில் சோதித்துப் பார்க்காமல் புதுச் சொம்பைப் புழங்க வேண்டாம் என்று அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

"இதெல்லாம் ராணிப்பேட்டைப் பக்கத்துப் பிரச்சினை, நகரத்துக்குள் ஏது" என்று உங்கள் கணவர் சொன்னாராம். ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் தொழிற்சாலையின் கழிவுக்குவியல் பெரிதாகக் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் எல்லோருக்கும் தெரியும். ஒரு கொட்டகை, இரண்டு பேர், ஒரு உலை என்று நகரத்தின் சந்துகளில் நடந்த தொழில் எந்த வரைபடத்திலும் இருக்காது. கொட்டகையைப் பிரித்துவிட்டால் ஞாபகமும் போய்விடும். உங்களுக்கு அந்தப் பெரியவர் இருந்தார்.

கணவர் மண்ணைச் சுரண்ட வேண்டாம்

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்லெண்ணத்தில் செய்யும் இந்த வேலைதான் மிகப் பெரிய கெடுதலாக முடியக்கூடியது. காய்ந்த மண்ணைச் சுரண்டும்போது எழும் தூசி வீட்டுக்குள்தான் வரும். கொட்டப்போகும் காலி மனையில் மற்ற பிள்ளைகள் விளையாடுவார்கள்.

ஆப்பிரிக்காவில், செனகல் நாட்டுத் தலைநகர் டக்காரின் புறநகரான தியாரோய் சுர் மேரில் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்துபோனார்கள். அங்கே பல வருடங்களாகப் பழைய பேட்டரி உடைத்திருந்தார்கள். மண்ணில் ஈயம் இருக்கிறது, விலைபோகும் என்று தெரிந்ததும் மக்கள் அந்த மண்ணைத் தோண்டி, மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து சலித்தார்கள். இறந்த குழந்தைகளின் உடன்பிறந்தோரும் தாய்மாரும் அக்கம்பக்கத்தாருமாக 81 பேரைப் பரிசோதித்தபோது, அத்தனை பேர் உடலிலும் ஈய நஞ்சு ஏறியிருந்தது. மண் சும்மா கிடந்தவரை மெல்ல மெல்லத் தீங்கு செய்தது; கிளறியபோதுதான் கொன்றது.

ஆகவே கொத்தியதை நிறுத்துங்கள். பாத்திகளை நனைத்து, மேலே தடித்த தார்ப்பாயை விரித்து ஓரத்தில் செங்கல் வையுங்கள். வெளியே வந்து கிடக்கும் தகட்டுத் துண்டுகளைக் கணவர் கையுறையும் முகக்கவசமும் அணிந்து ஒரு மூடியுள்ள வாளியில் போட்டு, ஆளெட்டாத இடத்தில் வைக்கட்டும். குப்பை வண்டியில் போட வேண்டாம், இரும்புக் கடையிலும் போட வேண்டாம். கொட்டகைக் காலத்துக் கறுப்புப் பேட்டரிப் பெட்டி இரண்டில் கொத்தமல்லி வளர்த்ததாகப் புகைப்படம் அனுப்பியிருக்கிறீர்களே, அவையும் செடியோடு அந்தத் தார்ப்பாய்க்கு அடியில் போகட்டும்.

மண்ணைப் பரிசோதிக்க, தேசிய அங்கீகார வாரியமான என்.ஏ.பி.எல். சான்று பெற்ற ஆய்வகத்தைத் தேடுங்கள். மாதிரி எடுப்பதைக் கணவரிடம் விடுங்கள், கர்ப்பிணி நீங்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். ஈரமாக இருக்கும்போது, ஐந்தாறு இடங்களில் மேலே இரண்டு அங்குல மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்து ஒரு பை. அதே இடங்களில் ஒரு சாண் ஆழத்தில் எடுத்து இன்னொரு பை. கொட்டகை இருந்த மூலையிலிருந்து தனியாக ஒரு பை. முதல் பை குழந்தையின் கையைப் பற்றிச் சொல்லும், இரண்டாவது வேரைப் பற்றி. மொத்த ஈயம், காட்மியம், ஆர்செனிக், கார அமில நிலை என்று எழுதிக் கொடுங்கள். மாசுபடாத மண்ணில் ஈயம் கிலோவுக்குச் சில பத்து மில்லிகிராம்தான் இருக்கும். குழந்தைகள் விளையாடும் வீட்டு மண்ணுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை நெடுங்காலம் வைத்திருந்த 400 என்ற கோட்டை 2024-இல் 200 ஆகக் குறைத்தது. உங்கள் எண் ஆயிரங்களில் வந்தால், அந்தக் கொல்லையில் இனிக் கீரை என்ற பேச்சே வேண்டாம்.

இருப்பதா, போவதா

முடிவுகள் வரும்வரை உங்கள் அம்மா வீட்டுக்குப் போக முடியுமானால் மகனோடு போய்விடுங்கள் என்பதே என் கருத்து. ஐந்தாம் மாதத்தில் அம்மா வீட்டுக்குப் போவதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஈயம் நச்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போகும். பல வருடங்களாக எலும்பில் சேர்ந்திருப்பதும், பிள்ளையின் எலும்புக்காக உடல் கால்சியத்தை எடுக்கும்போது சேர்ந்தே இரத்தத்துக்கு வரும். அதனால்தான் உங்களுக்கும் இரத்தம் பார்க்கச் சொன்னேன். கால்சியம், இரும்பு மாத்திரைகளை ஒரு நாளும் விடாதீர்கள். இரண்டையும் ஒரே வேளையில் போடாமல் சில மணி நேரம் விட்டுப் போடுங்கள். இதுவரை சாப்பிட்ட கீரையை நினைத்துத் தூக்கம் கெடுவதால் பயனில்லை. உங்கள் இரத்த முடிவை வைத்து மகப்பேறு மருத்துவர் சொல்வார், பெரும்பாலும் மூலத்தை விலக்கிச் சத்தைக் கூட்டுவதே போதுமானதாக இருக்கும்.

நிரந்தரமாகக் காலி செய்வது மண்ணின் எண்ணையும் உங்கள் கையிருப்பையும் பொறுத்தது. மண்ணைச் சிமெண்ட் தளமோ கல்தளமோ போட்டு முழுவதுமாக மூடினால் ஆபத்து பெருமளவு குறையும். உரிமையாளர் அதைச் செய்து தருவாரா என்று எழுத்தில் கேளுங்கள். வீட்டுக்குள் படிந்த தூசியையும் ஒருமுறை ஈரமாகத் துடைத்து எடுக்க வேண்டும். இரண்டுக்கும் அவர் மறுத்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் வேறு வீடு பார்ப்பேன்.

புகார் கொடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்குப் புகைப்படம், ஆய்வக முடிவு, பெரியவர் சொன்ன விவரம் மூன்றையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஆட்சியருக்கும் மாநகராட்சி மண்டலச் சுகாதார அலுவலருக்கும் நகல். மாசடைந்த இடங்களை அடையாளம் கண்டு நிர்வகிப்பதற்கென்றே மத்திய அரசு 2025-இல் தனி விதிகளை அறிவித்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடங்களைப் பட்டியலிட மாவட்ட நிர்வாகத்துக்கும், ஆய்வு செய்ய வாரியத்துக்கும் அதில் பொறுப்பு உண்டு. அட்வான்ஸ் தொகையை உரிமையாளர் பிடித்துவைத்தால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு அங்கே வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

கீரையை நிறுத்தாதீர்கள்

இரும்பும் கால்சியமும்தான் ஈயத்துக்கு எதிரான உங்கள் முதல் காவல். அந்தக் காவலையே பயத்தில் வீட்டைவிட்டு அனுப்பியிருக்கிறீர்கள். கடைக்கீரை எல்லாம் சுத்தம் என்று நான் சொல்ல மாட்டேன். டெல்லியில் யமுனைக் கரையில் காய்கறி பயிரிடுவதையே 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் தடை செய்ய வேண்டியிருந்தது. அதற்காகக் கீரை இல்லாத வீடாக இருக்க முடியாது. எங்கே விளைந்தது என்று கீரைக்கார அம்மாவிடம் கேளுங்கள். தெரிந்த ஊர் சொல்பவரிடம் வாங்குங்கள். ஒரே இடத்தில் வாங்காமல் மாற்றி மாற்றி வாங்குங்கள். மண்ணோடு இருக்கும் வேர்ப்பகுதியை வெளியிலேயே வெட்டி எறிந்துவிட்டு, அடி இலைகளைக் கழித்து, அகலப் பாத்திரத்தில் நீரை மாற்றி மாற்றி, அடியில் மண் நிற்காமல் போகும்வரை அலசுங்கள். முருங்கைக்கீரையையும் அகத்திக்கீரையையும் அடிக்கடி சேருங்கள். உயரத்தில் இருப்பதால் தரைமண் தெறிப்பதில்லை.

தோட்ட ஆசை உங்களுக்கு விடாது என்று கடிதத்திலேயே தெரிகிறது. மொட்டை மாடியில் ஒரு அடி ஆழப் பைகளில், ஊரிலிருந்து கொண்டுவந்த செம்மண், தேங்காய்நார்க் கழிவு, தொழுவுரம் கலந்து போடுங்கள். பழைய பெயிண்ட் டப்பாக்கள் வேண்டாம். தக்காளி, கத்தரி, வெண்டை போன்ற காய்கள் கீரையையும் கிழங்கையும்விடக் குறைவாகவே உலோகத்தைச் சேர்த்துக்கொள்ளும். சந்தேகமான மண்ணுள்ள இடங்களில் காய்ச்செடியே நல்ல தேர்வு.

கடைசியாக, அக்கம்பக்கம். கீரை வாங்கிப்போனவர்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, பழி வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். மாடி வீட்டில் ஐந்து வயதுப் பெண் குழந்தை இருக்கிறது, மாலையில் உங்கள் மகனோடு கொல்லையில்தான் விளையாடுவாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவளுடைய அம்மாவிடம் இன்று மாலையே போய்ச் சொல்லுங்கள். "எனக்குத் தெரியாமல் இருந்தது, இப்போது தெரிந்தது. என் பையனுக்கு இரத்தம் பார்க்கப் போகிறேன், பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், சேர்ந்தே போகலாம்." இவ்வளவு போதும். பரிசோதனைக்குப் போகும்போது இரண்டு பிள்ளைகளின் கையையும் முழங்கை வரை கழுவிவிட்டுக் கூட்டிப் போங்கள். முடிவுத் தாள் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.